யூதாஸ் ஸ்டூல்

நம் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்து, இன்று கிழவர்களாகவும் கிழவிகளாகவும் ஆகிவிட்ட உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். கொஞ்ச நாளாக வாட்ஸப் குழுவில் நீங்கள் ஊற்றுகிற தேனில் என் போன் பிசுபிசுக்கிறது. 'ஆயர் நடந்த மண்', 'அன்பு ஒன்றையே அறிந்த காலம்', 'சாதி பார்க்காத நம் லயம்'. அந்தக் கடைசி வரியைப் படித்தபோது குடித்துக்கொண்டிருந்த கட்டங்காப்பி எனக்கு மூக்கில் ஏறிவிட்டது. ஆயருக்கு நினைவு மலர் போடுகிறீர்களாம், ஆளுக்கு ஓர் இனிய நினைவு வேண்டுமாம். இனிய நினைவு என்னிடம் இல்லை. இருப்பதைத் தருகிறேன். போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

நான் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள். சீழ், ரத்தம், வாந்தி, பேதி எதைக் கண்டும் முகம் சுளித்தவள் இல்லை. அப்படிப்பட்ட எனக்கு அந்த ஒரு தவக்காலத்தை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் குமட்டுகிறது.

என் அப்பாவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். பெயர் தெரியாது, ஆளைத் தெரியும். எஸ்டேட் தோட்டி. வண்டிப்பெரியாரில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி மேலே ஏறினால் முதலில் தேயிலை ஃபாக்டரி, அப்புறம் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ், அப்புறம் கங்காணி வீடு, அதற்கும் மேலே கொழுந்து பறிக்கிறவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்கள், எல்லாவற்றுக்கும் கடைசியில் ஓடைக்கு அந்தப் பக்கம் எங்கள் வீடு. கக்கூசு என்ற ஒன்று இருந்தது கீழே உள்ள பெரிய வீடுகளுக்கு மட்டும்தான். லயத்துப் பெண்கள் விடிவதற்கு முன்னால் தேயிலைச் செடிகளுக்குள் போய்விட்டு, காலில் அட்டைகளோடு திரும்புவார்கள். பெரிய வீட்டுக் கக்கூசுக்கு அடியில் தார் பூசிய தகர வாளி இருக்கும். பின்பக்கம் ஒரு சின்னக் கதவு. அப்பா அதைத் திறந்து, கம்பிக் கொக்கியால் வாளியை இழுத்து, மேலே சாம்பலைத் தூவி, தள்ளுவண்டி டிரம்மில் கவிழ்ப்பார். ஜூன் மழையில் அந்த வாளி நிரம்பி வழியும். அதில் மிதப்பவற்றைப் பற்றி நான் எழுதினால் உங்கள் மலர் நாறிவிடும், விடுங்கள்.

காலையில் ஃபாக்டரியிலிருந்து வறுத்த தேயிலை வாசனை மலை முழுக்க ஏறி வரும். வெளியூர்க்காரர்கள் அதை மூச்சு முட்ட இழுத்துக்கொண்டு 'ஆஹா' என்பார்கள். எனக்கு அந்த வாசனை வந்தால் அப்பா வண்டியை எடுத்துவிட்டார் என்று அர்த்தம். இன்றுவரை நான் தேயிலை குடிப்பதில்லை, காப்பிதான்.

ஆயரைப் பற்றி நீங்கள் எழுதுவதெல்லாம் பொய் என்று சொல்ல நான் வரவில்லை. நல்ல மனிதர். மலையாளி. பிஷப் என்று சொல்ல வராத நம் ஆட்கள் அவரைப் பிதாவு என்பார்கள், சிலர் சாமி என்பார்கள். கூலி கூட்டிக் கேட்டுத் தொழிலாளிகள் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தபோது அவரும் வந்து ஈரத்தரையில் உட்கார்ந்தார். எஸ்டேட்டுப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்போடு நிற்கக்கூடாது என்று டவுனில் விடுதி வைத்தார். நான் நர்ஸ் ஆனது அந்த விடுதிச் சோற்றில்தான். அதையெல்லாம் மறைத்தால் என் நாக்கு அழுகிவிடும். அவரிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எந்த வீட்டுக்குள் போனாலும் நேரே அடுப்பங்கரைக்குப் போய்ச் சட்டி மூடியைத் திறந்து பார்ப்பார். பெண்களுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. வீட்டில் என்ன வெந்திருக்கிறது என்பது ஊருக்குத் தெரியலாமா?

அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கியபோது அவர் லயம் லயமாக ஏறி வந்தார். மற்ற வீடுகளைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார் என்றுதான் அம்மா நினைத்தாள். அவரோ ஓடையைத் தாண்டி எங்கள் வீட்டுக்குள் குனிந்து நுழைந்துவிட்டார். கூட வந்த உபதேசியார் ஓடைக்கு அந்தப் பக்கமே நின்று, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார். கோவிலில் ஜெபம் சொல்லிக்கொடுப்பதும் பூசைக்கு எல்லாம் எடுத்து வைப்பதும் அவர் வேலை.

ஆயர் சட்டியைத் திறந்தார். "இது எந்தா?"

"கப்பக்கெழங்கு சாமி. நேத்து வேகவச்சது," என்றாள் அம்மா. அவளுக்கு உயிரே போய்விட்டது.

"காந்தாரி மொளகு இருக்கோ?"

இருந்தது. உப்பும் மிளகாயும் நசுக்கிக் கொடுத்ததும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அந்தப் பழைய கிழங்கைச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, வாசலில் கைகட்டி நின்ற அப்பாவைப் பார்த்தார். பிறகு ஓடைக்கு அப்பால் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "உபதேசியாரே, இந்த வருஷம் பெரிய வியாழன் பூசை நான் இந்த எஸ்டேட்லதான் வைக்கும். கால் கழுவ உட்காரும் பன்னிரண்டு பேர்ல இவரும் வேணும்."

பிதாவு தோட்டி வீட்டில் சாப்பிட்டார் என்ற செய்தியை லயம் முழுக்கப் பரப்பியவர் உபதேசியார்தான். பார்த்துக்கொண்டு நின்றதிலேயே தனக்கு வாந்தி வந்துவிட்டது என்றும் சேர்த்துச் சொன்னார். அன்று மாலை அவர்தான் சிலுவைப் பாதையும் நடத்தினார்.

பெரிய வியாழன் சடங்கு தெரியாத பேரப்பிள்ளைகள் யாராவது இதைப் படிக்கக்கூடும், சொல்லிவிடுகிறேன். இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்து, அன்று மாலைப் பூசையில் குருவானவர் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். ஆண்டவரே குனிந்தார், நீங்களும் குனியுங்கள் என்பது அதன் பொருள். நம் எஸ்டேட் கோவிலில் அது எப்படி நடந்தது? பள்ளிக்கூடத்து ஸ்டூல்கள் வரிசையாகப் போடப்படும். முதல் ஸ்டூல் பேதுருவுடையது, அது கங்காணி வீட்டுக்கு. அடுத்தது யோவான், கணக்கப்பிள்ளை வீட்டுக்கு. இப்படி ஒவ்வொரு ஸ்டூலும் ஒவ்வொரு பெரிய வீட்டுக்குப் பாத்தியம். அப்பன் செத்தால் மகன் உட்காருவான். வேதத்திலும் அப்படி எழுதவில்லை, ரோமாபுரியும் அப்படிச் சொல்லவில்லை. திருநெல்வேலியிலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் மலையேறும்போது நம் பெரியவர்கள் மூட்டையில் கட்டிக் கொண்டுவந்த சாமான்களில் இதுவும் ஒன்று. உட்காருகிறவர்கள் வீட்டிலேயே வாசனைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, பவுடரும் பூசிக்கொண்டுதான் வருவார்கள். சாமியார் கழுவுவதற்கு அங்கே ஒன்றுமே இருக்காது. தண்ணீரில் பவுடர் மட்டும் கரையும்.

பன்னிரண்டாவது ஸ்டூல் யூதாசுடையது. அதற்கு மட்டும் பாத்தியம் கேட்டு எந்த வீடும் வரவில்லை. ஒரு கால் குட்டையான ஸ்டூல் அது, வேண்டுமென்றே அதைத்தான் கடைசியில் போடுவார்கள். அதில் உட்கார்ந்தவன் அடுத்த பெரிய வியாழனைப் பார்க்கமாட்டான் என்று ஒரு பேச்சு. அதனால் சாராயம் வாங்கித் தருவதாகச் சொல்லி யாராவது ஒரு குடிகாரனைப் பிடித்து வந்து உட்கார வைப்பார்கள். ஒரு வருடம் அந்த ஆள் தூங்கி, சாமியார் மேலேயே சாய்ந்துவிட்டான்.

கோவில் கமிட்டி கூடியது. பிதாவு கேட்டு மறுக்க முடியாது. முடிவைச் சொல்ல உபதேசியார் வந்து, வழக்கம்போல ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"ஏலே, ஒனக்குக் கடைசி ஸ்டூலுன்னு முடிவாயிருச்சு. பிதாவு மத்தவுகளுக்கெல்லாம் கழுவிட்டுத்தான் ஒங்கிட்ட வருவாக. ஒனக்குப் பெறகு ஆளில்ல. அதனால யாருக்கும் சங்கடமுமில்ல."

"சரிங்கய்யா," என்றார் அப்பா.

"அது யூதாசு ஸ்டூலுல்லா?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஸ்டூலுல என்னத்தா இருக்கு? கழுவுறது பிதாவுல்ல!" என்று சொல்லிவிட்டு அவர் நடந்துவிட்டார்.

எவ்வளவு கச்சிதமாக யோசித்திருக்கிறார்கள் பாருங்கள். ஒரே தண்ணீர், ஒரே துண்டு, ஒரே வாய். தோட்டியின் காலில் பட்டது அடுத்தவன் காலில் படக்கூடாது என்றால் தோட்டி கடைசியில் இருக்க வேண்டும். வேத பாடத்தில் ஒரு வரி ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவர்களுக்கு இந்தக் கணக்கு மட்டும் தண்ணீர் பட்ட பாடு.

அம்மா அன்று அடுப்பை ஊதவேயில்லை. "இந்தாய்யா, காட்டிக்குடுத்தவன் எடத்துல ஒன்னய ஒக்கார வைக்கானுவ, நீ பல்ல இளிச்சிக்கிட்டு நிக்க. ஒனக்கு வெக்கமா இல்ல?"

"எந்த ஸ்டூலா இருந்தா என்னட்டி?" என்றார் அப்பா. "எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து ஒரு மனுசன் ஏங்காலத் தொட்டிருக்கானா? டிஸ்பென்சரில ஊசி போடுதவன்கூட எட்டி நின்னுதான குத்துதான். ஒரே ஒருக்க. ஒருத்தர் தொட்டுட்டுப் போகட்டுமே."

எனக்கு அப்போது புரிந்துவிட்டது. அப்பாவுக்கு வேண்டியது சீடர் பட்டமும் இல்லை, மோட்சமும் இல்லை. ஒரு கை தன்மேல் பட வேண்டும், அவ்வளவுதான்.

அந்தத் தவக்காலம் முழுக்க எனக்கு வேலை அப்பாவின் காலைத் தேய்ப்பது. வேலை முடிந்து வந்ததும் ஓடைக்கல்லில் உட்காருவார். உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்து, தேங்காய் நாரும் செங்கல் துண்டும் வைத்துத் தேய்ப்பேன். குதிகால் வெடிப்புகளில் சாம்பல் புகுந்து கறுத்துக் கிடக்கும், ஊக்கால் நோண்டி எடுப்பேன். கணுக்கால் முழுக்க அட்டை கடித்த வடுக்கள். ரப்பர் கம்பூட்ஸ் அப்பாவுக்குக் கிடையாது, அது ஃபாக்டரி ஆட்களுக்கு மட்டும். கடைசியில் சிவப்புச் சோப்பு, அதன்மேல் கொஞ்சம் நல்லெண்ணெய்.

"எங்க, மோந்து பாரு," என்பார்.

"சோப்பு வாசந்தான்ப்பா."

நான் அவரைத் தேற்றுவதற்காகச் சொன்ன பொய் அல்ல அது. அப்பாமேல் நாற்றம் அடித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. நாற்றம் அடிக்கிறது என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் மறுபடி மறுபடி தன் காலைத் தூக்கி மோந்து பார்ப்பார். ஒரு பெரிய ஆம்பிளை அப்படிக் குனிந்து தன் காலையே மோந்துகொள்வதைப் பார்க்க எனக்கு அழுகையாக வரும். யார்மேல் கோபப்படுவது என்று அப்போது தெரியவில்லை, இப்போது நன்றாகத் தெரிகிறது.

பெரிய வியாழன் வந்தது. உன்னதங்களிலே பாட்டு முடிந்ததும் மணிகள் ஓய்ந்துவிடும், பிறகு உயிர்ப்புத் திருவிழா வரை மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். அந்தக் கட்டைச் சத்தம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். இப்போது எந்தக் கோவிலிலும் காணோம், மைக்கில் ஏதோ ஒரு சத்தத்தை ஓடவிடுகிறார்கள். கோவிலுக்குள் சாம்பிராணி, மல்லிகைப்பூ, தலை எண்ணெய், எல்லாவற்றுக்கும் மேலே பவுடர் வாசனை. பதினோரு பேரும் வேட்டியை முழங்கால்வரை ஒதுக்கி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எல்லோரும் உங்கள் அப்பாக்கள், சித்தப்பாக்கள். மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். பேதுரு ஸ்டூலில் இருந்தவர் நம் குழு அட்மினைப் பெற்றவர், கங்காணி. கடைசியில் அப்பா. ஸ்டூல் ஆடாமல் இருக்க ஒரு காலைத் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டிருந்தார்.

ஆயர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு தாம்பாளத்தோடும் தண்ணீரோடும் வந்தார். பேதுரு ஸ்டூலைத் தாண்டி வரிசையின் மறுகோடிக்கு நடந்தார். கங்காணி பாதி எழுந்து, "பிதாவே, இங்கிட்டுலருந்துதான் ஆரம்பிக்கணும்," என்றார்.

"இன்னைக்கு இங்க தொடங்கும்," என்று சொல்லி ஆயர் அப்பாவின் முன்னால் முழங்கால் போட்டார்.

தண்ணீர் ஊற்றினார். இரண்டு கையாலும் பிடித்துத் தேய்த்தார். நிதானமாகத் துடைத்தார். குனிந்து முத்தமிட்டார். அப்பாவுக்கு அடியில் அந்தக் குட்டைக்கால் ஸ்டூல் சிமெண்டுத் தரையில் கடகடவென்று அடித்துக்கொண்டது. பெண்கள் பக்கத்தில் அம்மா முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டாள். நான் ஆயருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது அவர்தான் ஆண்டவர்.

பிறகு அவர் அதே தண்ணீரோடும் அதே துண்டோடும் முழங்காலாலேயே அடுத்த ஸ்டூலுக்கு நகர்ந்தார். அங்கே இருந்த கடைக்காரர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். ஆயர் காத்திருந்தார். கால் வெளியே வரவில்லை. அடுத்தவரிடம் நகர்ந்தார். அவரும் இழுத்துக்கொண்டார். அடுத்தவரும். ஒரு கிழ ஆயர் தாம்பாளத்தைத் தள்ளிக்கொண்டு தரையில் தவழ்ந்து போகப் போக, பவுடர் பூசிய கால்கள் ஒவ்வொன்றாக ஸ்டூலுக்கு அடியில் ஒளிந்தன. அவர்கள் முகத்தைப் பார்த்தேன். பாத்திரத்தில் பல்லியைக் கண்ட முகம். எங்கள் வீட்டுக் கிழங்கு தின்ற வாயை, அப்பாவின் காலைத் தொட்ட கையை அப்படிப் பார்த்தார்கள்.

கடைசியில் பேதுரு. கங்காணி காலை இழுக்கக்கூட இல்லை, கால்மேல் கால் போட்டுக்கொண்டார். "வேற தண்ணி, வேற துண்டு எடுத்தாரச் சொல்லுங்க பிதாவே. வாயையும் கொப்புளிச்சிட்டு வந்துருங்க," என்றார்.

ஆயர் எழுந்தார். முழங்கால் வலித்திருக்கும், பீடத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பூசை உடுப்பைக் கழற்றினார், மெழுகுதிரிகளை அணைத்தார். எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக் கோவிலைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். "இந்த மனுசன்கிட்ட மாப்பு கேக்கணும். அதுவரை இந்தக் கோவில் தொறக்காது. பெரிய வெள்ளியும் இல்ல, ஈஸ்டரும் இல்ல."

சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். உங்கள் மலரில் இதுவரைதான் வரும் என்று எனக்குத் தெரியும். 'சாதி வெறியைச் சாட்டையால் அடித்த ஆயர்' என்று தலைப்புப் போடுவீர்கள். அடித்தது உண்மை. ஆனால் ஜீப் போன பிறகு அந்தப் பதினோரு பேரோடு மலைமேல் இருந்தது நாங்கள்.

அன்றிரவு அப்பா ஒரு வாய் சாப்பிடவில்லை. "அவுக தொட்டாக," என்று ஒரு தடவை சொன்னார். அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த சந்தோஷம். மறுநாள் காலையில் குழாயடியில் எங்கள் குடத்தைக் காலால் உருட்டிவிட்டார்கள். பெரிய வெள்ளிக்குச் சிலுவையை முத்தமிட முடியாத கோபம், ஈஸ்டருக்குப் பூசை இல்லாத கோபம், எல்லாம் கங்காணிமேல் பாயவில்லை, எங்கள்மேல் பாய்ந்தது. பெரிய வீட்டுக்காரர்கள் மட்டுமா? கங்காணி தன் வாசற்படி ஏறவிடாத மேல் லயத்து ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். "ஒன்னாலதான ஆண்டவரு உயிர்த்தெழ முடியாமக் கெடக்காரு," என்று ஒரு கிழவி அப்பாவைப் பார்த்துக் காறித் துப்பினாள். பள்ளிக்கூடத்தில் என்னை 'யூதாசு மக' என்று கூப்பிட்டீர்கள். இப்போது அன்பே உருவாக இதயப் படம் அனுப்புகிற சில விரல்கள் அன்று என் பின்னலை இழுத்தவைதான்.

ஈஸ்டர் அன்று காலையில் கதவைத் திறந்தபோது வாசல் நிறைய மலம். யாரோ வாளியை எடுத்து வந்து எங்கள் நடையில் கொட்டியிருந்தார்கள். தார் பூசிய வாளி, கைப்பிடியில் சணல் சுற்றியது. யார் வீட்டு வாளி என்று அப்பாவுக்குப் பார்த்த உடனே தெரியும். அந்த வீட்டார் அதுவரை அந்த வாளியை விரலால் தொட்டதில்லை. எங்கள்மேல் இருந்த வெறுப்பு, சொந்த மலத்தின்மேல் இருந்த அருவருப்பையும் தாண்டிவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றும் அதை அள்ளியவர் அப்பாதான். வேறு யார் அள்ளுவார்கள்?

"கோவிலத் தொறந்துருங்க சாமி, எனக்கு யாரும் மாப்புக் கேக்க வேண்டாம்," என்று அப்பா டவுனுக்கு நடந்துபோய் ஆயரிடம் கேட்டார். ஆயர் முடியாது என்றுவிட்டார். நீ பயப்படாதே, இது உனக்காக மட்டும் இல்லை, வரப்போகிற தலைமுறைக்காக என்றாராம். அப்பா திரும்பி நடந்து வந்தார். நல்லவர்கள் செய்கிற தப்பு இது. அப்பாவை வைத்து ஊருக்குப் பாடம் நடத்தினார், அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்காகப் பேசினார், அவரோடு பேசவில்லை. இது எனக்கு உறைக்கவே எத்தனையோ வருடம் ஆனது.

கங்காணி இறங்கி வந்தது மனம் திரும்பி அல்ல. அவர் மகளுக்குக் கம்பம் ஊரில் மாப்பிள்ளை பார்த்து, ஈஸ்டர் கழிந்ததும் கல்யாணம் என்று நிச்சயம் பண்ணியிருந்தார். மூன்று ஞாயிறு கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தால்தான் கல்யாணம் நடக்கும். பூட்டிய கோவிலில் எங்கே ஓலை வாசிப்பது? சம்பந்தி வீட்டுக்கு என்ன பதில் சொல்வது? மாப்புக் கேட்கத் தயார் என்று சொல்லி அனுப்பினார்.

ஆயர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். எஸ்டேட் முழுக்கக் கோவில் வாசலில் கூடிவிட்டது. அப்பாவைக் கூட்டிவரச் சொல்லி ஸ்டூலில் உட்கார வைத்தார். "வாயால மாப்பு வேண்டாம், வாய் எளுப்பமா திரும்பும்," என்று கங்காணியிடம் சொன்னார். "நான் கழுவிய காலை நீ கழுவு."

கங்காணி முழங்கால் போட்டார். வாயில் கிராம்பை அடக்கியிருந்தார், மென்றுகொண்டேயிருந்தார். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி மூச்சைப் பிடித்துக்கொண்டார். தோல் படக்கூடாதென்று துண்டைக் கைமேல் சுற்றிக்கொண்டு, அந்தத் துண்டுக்குள்ளிருந்து அப்பாவின் குதிகாலைத் தூக்கப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்து ஒரு ஓங்கரிப்பு வந்து, அதை விழுங்கினார். எல்லோர் முகத்திலும் கங்காணிமேல் அப்படி ஒரு பரிதாபம்! பாவம், மகள் கல்யாணத்துக்காக மனுசன் எவ்வளவு கேவலப்பட வேண்டியிருக்கிறது என்று.

அப்பா காலைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"சாமி, இவுக வீட்டு வாளிய நாந்தான் தெனமும் அள்ளுதேன். மழக்காலத்துல புழு மெதக்கும். ஒருநாளும் எனக்கு வாந்தி வந்ததில்ல. இன்னைக்கு வருது சாமி. இந்தாள எந்திரிச்சுப் போகச் சொல்லுங்க."

கங்காணியை 'இந்தாள்' என்று எஸ்டேட்டில் ஒருவர் சொன்னது அதுதான் முதல்தடவை. ஆயரின் முகம் வெளுத்துவிட்டது. பிறகு அப்பாவின் அருகில் வந்து, கூட்டத்துக்குக் கேட்காத குரலில் கேட்டார். முன்வரிசையில் நின்ற எனக்குக் கேட்டது.

"பின்னே உனக்கு எந்தா வேணும்? நான் கேக்காம விட்டுப்போச்சு. சொல்லு."

"இன்னைக்குக் கழுவுவீக. நாளைக்கு விடியயில அதே வாளியத் தூக்கிட்டு நிப்பேன்ல சாமி," என்றார் அப்பா. "அந்த வாளிய ஒழிச்சுருங்க. குழி வெட்டிக் கக்கூசு கட்டுனா அவனவனோடது அவனவன் வீட்டு மண்ணுக்குள்ள போயிரும். எவனோடதையும் எவனும் அள்ள வேண்டாம்."

ஆயர் பையிலிருந்து சாவியை எடுத்து உபதேசியார் கையில் கொடுத்தார். பூசைக்கு உள்ளே போகவில்லை. அங்கியை முழங்காலுக்குமேல் தூக்கிச் செருகிக்கொண்டு, "யார் வீட்டுல மம்பட்டி இருக்கு?" என்று கேட்டார்.

அவர் டவுனில் உண்ணாவிரதம் இருந்ததை எழுதுங்கள், ஆபீஸ் வாசலில் உட்கார்ந்ததை எழுதுங்கள். ஆனால் அந்த மனிதர் செய்ததில் பெரியது எது என்று என்னைக் கேட்டால், எஸ்டேட் கக்கூசுக்குக் குழி வெட்டியதுதான் என்பேன். வாரம் தவறாமல் வந்தார். எஸ்டேட் மேனேஜர் துரையோடு ஆபீசில் சண்டை போட்டுச் சிமெண்டு வாங்கினார். அப்பாவைத் தேயிலைச் செடி வெட்டுகிற கவாத்து வேலைக்கு மாற்றச் சொல்லி எழுதி வாங்கினார். ஆயரின் உள்ளங்கைக் கொப்புளம் உடைந்து அம்மா மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டாள். முதல் குழியை எங்கே வெட்டுவது? வாளி எங்கே இருந்ததோ அங்கேதான் வெட்ட வேண்டும். கங்காணி வீட்டுப் பின்கட்டில் வெட்டினார்கள். மம்பட்டி பிடித்தவர்கள் ஆயரும் அப்பாவும் எங்கள் சொந்தக்காரர்கள் சிலரும் மட்டுமே. அந்தப் பதினோரு பேரில் ஒருவர்கூட ஒரு கூடை மண் சுமக்கவில்லை. கங்காணி வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, புழுதி வீட்டுக்குள் வருகிறது என்று சலித்துக்கொண்டார்.

வேலை முடிந்த அன்று ஆயர் தண்ணீர் தெளித்து மந்திரித்தார். அவர் ஜெபத்தை முடித்து ஆமென் சொல்வதற்குள், பந்திக்கு முந்துவதுபோல, சொம்போடு உள்ளே நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டவர் கங்காணி. எங்கள் ஆட்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மாமா ஒருவர் மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் போனார்.

அப்பா அவர் கையைப் பிடித்து இழுத்தார். "விடுப்பா, இருந்துட்டுப் போறான்," என்றார். "எனக்கு இனி அங்க வேலையில்ல."